பாலாறு நாற்பது நாள் வழியடைத்தால் கையில் எந்தத் துப்பாக்கி?

விரிஞ்சிபுரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியபோது எங்கள் தெருவில் மூன்று இரவு மின்சாரம் இல்லை. இரண்டாம் இரவு, தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பின்கதவை யாரோ கடப்பாரையால் நெம்பும் சத்தம் கேட்டது. நானும் தம்பியும் மொட்டை மாடியில் நின்று டார்ச் அடித்துக் குரல் கொடுத்தோம். சத்தம் நின்றது. ஆனால் அம்மா விடியும்வரை அரிவாள்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

1903இல் வாணியம்பாடியைப் பாலாறு வாரிக்கொண்டு போன கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். அப்படி ஒன்று மறுபடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலங்கள் போய்விட்டன, காட்பாடிக்கு ரயில் இல்லை, கைப்பேசி ஊமையாகிவிட்டது. சட்டம் இருக்கிறது, ஆனால் அது நம் வாசலுக்கு வந்து சேர நாற்பது நாள் ஆகும். வீட்டில் ஐந்து பேர். ஒரே ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் நம் நாட்டில் உரிமம் வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். எதை எடுப்பீர்கள்? பெயரும் அழகும் வேண்டாம். விசையை இழுத்தால் வெடிக்குமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

சத்துவாச்சாரி இளைஞன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா? கிளாக் 17. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரியப் படைக்காக உருவானது. உடல் பாலிமர், உள்ளே பாகங்கள் குறைவு, தோட்டா நிரப்பிச் செருகும் மேகசினில் 17 தோட்டா. உலகில் எத்தனையோ நாட்டுப் படைகளும் காவல்துறைகளும் வைத்திருக்கின்றன. அதற்கு முந்தைய தலைமுறையில் கோல்ட் பிஸ்டல். 1911இல் அமெரிக்கப் படை நடத்திய சோதனையில் 6,000 தோட்டாக்களை ஒருமுறைகூடச் சிக்காமல் சுட்டது. சூடேறியபோது வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். நம்பகம் என்றால் அதுதான்.

கம்மவான்பேட்டை சுபேதார்

தம்பி, அந்தச் சோதனையில் ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தத் துப்பாக்கியும் கவனிக்காமல் விட்டால் நம்பகம் இல்லை.

எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றுதான் சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். நானும் 24 வருடம் படையில் இருந்தவன். இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. பிரௌனிங் வகை பிஸ்டலை இடுப்பில் கட்டியிருக்கிறேன். 13 தோட்டா கொள்ளும், நல்ல ஆயுதம். ஆனால் கேள்வி கேட்டவர் உரிமம் வாங்கக் கூடியது என்று வரம்பு போட்டுவிட்டார். 9 மி.மீ., .303 (புள்ளி போட்டவை அங்குலக் கணக்கு) போன்ற படைத்துறைக் குழல் அளவுகள் படைக்கலச் சட்டப்படி தடை செய்யப்பட்ட அளவுகள். மத்திய உள்துறை மிக அரிதாகவே அவற்றுக்கு உரிமம் தருகிறது. மாவட்ட ஆட்சியரிடம் சாதாரண மனிதன் விண்ணப்பிக்கக் கூடிய கைத்துப்பாக்கி என்றால் நடைமுறையில் .32 அல்லது .22. அதற்குள்தான் பேச வேண்டும்.

அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருப்பவை: அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், சுழலும் உருளையின் அறைகளில் ஆறு தோட்டா. அதே தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல். 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர், டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை. .22 அளவில் நிடர் ரிவால்வர், கால் கிலோதான். 2023இல் வந்த பிரபல், உருளை பக்கவாட்டில் திறக்கும். உத்தரப் பிரதேசத்தில் இப்போது வெப்லி பெயரிலும் .32 ரிவால்வர் செய்கிறார்கள். சட்டைப்பைக்கு வசதி என்று நிடரைத் தேடுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் அதை முதலிலேயே விலக்கிவிடலாம். .22 தோட்டாவில், ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் தனிக் கேப் கிடையாது. அடிவிளிம்புக்குள்ளேயே தீமருந்து பூசியிருப்பார்கள். பூச்சு ஓரிடத்தில் மெலிந்திருந்து ஊசி அங்கே விழுந்தால் வெடிக்காது.

நான் எடுப்பது பழைய மாதிரி .32 ரிவால்வர். அதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. தோட்டா வெடிக்காமல் போனால் பிஸ்டலில் இரண்டு கையாலும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னிழுத்து அதை வெளியேற்ற வேண்டும். இருட்டில், நனைந்த கையோடு, குழந்தை அழும்போது அதைச் செய்து பாருங்கள். ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும்.

காட்பாடி வீராங்கனை

சுபேதார் ஐயா சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை. நான் ஆறு வருடமாகப் போட்டிகளில் சுடுகிறேன்.

முதலில் .32 என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு: ரிவால்வரில் போடும் நீள .32 தோட்டா 1896இல் வந்தது. சர்வதேசப் போட்டியில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (கேப் அடியின் நடுவில் இருக்கும் தோட்டா) பிரிவில் பெரும்பாலோர் சுடுவது இதே தோட்டாவைத்தான். இதைவிடத் துல்லியமான கைத்துப்பாக்கித் தோட்டா குறைவு. ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அது உண்மை. ஆனால் உதைப்பு லேசானது என்பதால் இரண்டாவது குண்டும் குறியில் போய் விழும்.

பிஸ்டலுக்கான .32 வேறு தோட்டா. 1899இல் பிரௌனிங் வடிவமைத்தது, கட்டையாக இருக்கும். இரண்டின் பெயரிலும் 32 இருப்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றை மற்றதில் போடவே கூடாது. இந்தப் பிஸ்டல் தோட்டாவில் ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. அதன் அடிவிளிம்பு உடலைவிட மயிரிழை அகலம். மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோலப் பூட்டிக்கொள்ளும். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் அசையாது; மேகசினைக் கழற்றி, பூட்டை விரலால் பிரிக்க வேண்டும். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவையும் முன்னிருப்பதன் விளிம்புக்கு முன்னால் சரியாக வைக்கிறவருக்கு இது அபூர்வம். அவசரத்தில் நிரப்புகிறவருக்கு அப்படி இல்லை.

ஆகவே ரிவால்வர் என்பதில் ஐயாவோடு நிற்கிறேன். ஆனால் "மறுபடி இழு" என்பதில் இல்லை. விசை இழுத்துச் சத்தம் வரவில்லை என்றால் அந்தத் தோட்டா செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில வேளை உள்ளே மருந்து தாமதமாகப் பற்றும். பயிற்சிக் களத்தில் குழலை இலக்கை நோக்கியே பிடித்து 30 விநாடி காத்திருக்கச் சொல்வார்கள். அதற்குள் உருளையைத் திருப்பிவிட்டால், அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத அறையில் வெடிக்கும். துப்பாக்கியும் போகும், விரலும் போகும்.

கம்மவான்பேட்டை சுபேதார்

மகளே, களத்தில் நீ சொன்னதுதான் சரி. கடப்பாரையோடு ஒருவன் நான்கடி தூரத்தில் நிற்கும்போது 30 விநாடி யாருக்கும் கிடைக்காது. இரண்டு ஆபத்தில் எது சிறியது என்று பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் அந்தத் தாமதம் எதனால் வருகிறது என்று யோசித்தால் நீயும் நானும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வோம்: ஈரம் கண்ட தோட்டா, எண்ணெய் இறங்கிய கேப். புதிய, உலர்ந்த, தொழிற்சாலைத் தோட்டாவில் அது மிக மிக அரிது.

பலர் செய்யும் தவறு இது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட அதே கையோடு தோட்டாவையும் தடவிப் பளபளப்பாக்கி வைப்பார்கள். எண்ணெய் கேப்பின் ஓரமாகக் கசிந்து உள்ளே இறங்கிவிடும். தோட்டாவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

குடியாத்தம் மாந்தோப்பு

எல்லோரும் கதவை உடைக்கிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக்கு வந்து பாருங்கள். கௌண்டின்யா காட்டிலிருந்து ஆந்திர எல்லை தாண்டி யானை இறங்கினால் ஒரு இரவில் ஒரு வருட விளைச்சல் போய்விடும். பட்டாசு வெடிக்கிறோம், தகரம் தட்டுகிறோம், வனத்துறைக்குச் சொல்லி அனுப்புகிறோம். நாற்பது நாள் வழியடைத்தால் காட்டு விலங்கும் பசியோடுதான் வரும். கைத்துப்பாக்கி அங்கே எதற்கு ஆகும்? என் அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டால் கொல்லை முழுதும் அதிரும். ஒரே ஆயுதம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

விரிஞ்சிபுரத்தான்

அண்ணா, நீங்கள் சொல்வது உங்கள் கொல்லைக்குப் பொருந்தும். எங்கள் வீடு ஒன்பதடி அகலத் தெருவில் இருக்கிறது. நடையில் நீளத் துப்பாக்கியைத் திருப்பவே இடமில்லை. ஆகவே கேள்வி கைத்துப்பாக்கியோடு நிற்கட்டும்.

குடியாத்தம் மாந்தோப்பு

சரி. அப்படியானால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யானையை நோக்கியோ பன்றியை நோக்கியோ .32ஐ நீட்ட நினைக்க வேண்டாம். காயப்பட்ட விலங்கைவிடக் கொடியது இல்லை. உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று 1972 வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சின்னக் குண்டு யானையின் தோலில் என்ன செய்யும் என்பதைச் சட்டம் சொல்லாது.

கோட்டை அகழி

நம் வேலூர்க் கோட்டையிலேயே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். வெள்ளையர் படையில் உயிர் தப்பிய சிலர், ஏறக்குறைய அறுபது பேர், மதில் மேல் ஒதுங்கினார்கள். கையில் துப்பாக்கி இருந்தது, தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறி அவர்களிடம் சேர்ந்தபோதும் அவர்களால் சுட முடியவில்லை. துப்பாக்கி முனையில் ஈட்டியைச் செருகிக்கொண்டுதான் பாய்ந்தார்கள். அவர்களுடைய துப்பாக்கியில் பழுது ஒன்றுமில்லை. மருந்துதான் இல்லை.

ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் ஒரு காலை நேரக் குதிரைப் பயணம்தான். நண்பர் கேட்பது நாற்பது நாள். அதனால் எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னால் எந்தத் தோட்டா நமக்குக் கிடைக்கும், எத்தனை உலர்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டாவைத் தேடி அலைய வேண்டியிருக்கும் எந்த ஆயுதமும் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

பேர்ணாம்பட்டு தோல்தொழில்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வந்தேன். நான் முப்பது வருடமாகத் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் உரிமத் துப்பாக்கியை அழகான தோல் உறையில் போட்டு, உறையோடு பீரோவில் வைத்திருந்தார். உறையின் விளிம்பில் தோட்டா செருகும் சின்னச் சின்ன வளையங்கள். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துக் காட்டினார். குழலின் ஒரு பக்கம், தோல் ஒட்டியிருந்த இடம் மட்டும், துருவால் பொரிப்பொரியாக இருந்தது. வளையத்தில் இருந்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. அவர் துப்பாக்கி செய்தவனைத் திட்டினார். குற்றம் உறையில் இருந்தது.

தோல் உயிரோடு இருந்த பொருள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலில் துவர்ப்பு அமிலம் நிற்கும். குரோம் போட்டுப் பதனிட்டதில் உப்பு நிற்கும். எதுவானாலும் இரும்புக்கும் பித்தளைக்கும் பகை. தோல் உறை இடுப்பில் கட்ட மட்டும்தான். வைப்பதற்கு அல்ல. என் தொழிலுக்கு எதிராகவே இதைச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி இளைஞன்

இது எனக்குத் தெரியாது ஐயா. அப்படியானால் எதில் வைப்பது? எண்ணெயில் ஊறவைத்தால் துரு வராதே?

கம்மவான்பேட்டை சுபேதார்

ஊறவைக்கக் கூடாது. ராஜஸ்தானில் மணல் நடுவே இரண்டு வருடம் இருந்தேன். எண்ணெய் சொட்டச் சொட்டப் போட்டவன் துப்பாக்கிதான் முதலில் சிக்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்து உப்புத்தாள் தேய்த்ததுபோல உள்ளே அரைக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்காமல் மினுமினுப்பு மட்டும் தெரியும் அளவு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். துப்பாக்கி எண்ணெய் இல்லாத இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி.

ரிவால்வரில் நான் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது அடிக்கடி பழுதாகாது, ஆனால் பழுதானால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. சுட்டபின் வெறும் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் இரண்டு போய் உட்கார்ந்தாலே போதும், தகடு முழுதாகப் படியாது, உருளை சுற்றாது. பல்துலக்கும் பழைய பிரஷ் ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். காலி செய்யும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும். துகள் கீழே கொட்டிவிடும்.

வாங்கும்போது, கடைக்காரர் முன்னால், தோட்டா இல்லை என்று இருவரும் பார்த்தபின், சுத்தியைப் பின்னிழுத்து நிறுத்தி உருளையை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆறு அறைக்கும் ஆறு முறை. ஒன்றில் அதிகம் ஆடினாலும் அந்தத் துப்பாக்கியை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தோட்டப்பாளையம் செவிலி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவள். துப்பாக்கி வெடிக்காமல் போவதைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வெடிக்கக் கூடாதபோது வெடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

நாட்டுத் துப்பாக்கி கை தவறி வெடித்துத் தொடையில் குண்டு பாய்ந்த ஒருவரை மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். வேட்டியைக் கிழித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தபடியே ஒருவர் வண்டியில் வந்தார். அவர் கை மரத்துப்போயிருந்தது, எடுக்கச் சொன்னபோது எடுக்கத் தெரியவில்லை. அந்த அழுத்தம்தான் காயப்பட்டவரைப் பிழைக்க வைத்தது. ஆனால் வண்டியும் சாலையும் இருந்ததால் பிழைத்தார். நாற்பது நாள் வழியடைத்த ஊரில் அந்தக் காயம் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா தம்பி? ரிவால்வர் விசை கனமானது, குழந்தையால் இழுக்க முடியாது என்பார்கள். ஒரு விரலால் முடியாது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினால் முடியும். பெட்டிக்குப் பூட்டு வேண்டும். சாவி அரைஞாண் கயிற்றில் இருக்க வேண்டும், அலமாரி மேலே அல்ல.

விரிஞ்சிபுரத்தான்

அக்கா, அண்ணன் மகள் இருக்கிறாள், நான்கு வயது. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் பூட்டினால் அவசரத்துக்கு எப்படி எடுப்பது என்ற கேள்வி வருகிறதே. அம்மாவுக்கும் சொல்லித்தர நினைத்தேன்.

காட்பாடி வீராங்கனை

உரிமம் உங்கள் பெயரில் என்றால் துப்பாக்கி உங்கள் கையில் மட்டும்தான் இருக்கலாம். அம்மாவுக்கு வேண்டுமானால் அவர் பெயரில் தனி உரிமம். வெள்ளம் வந்தாலும் அதில் மாற்றமில்லை. 2016 படைக்கல விதிகளின்படி, உரிமம் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். அதைக் காகிதத்துக்காகச் செய்யாமல் உண்மையாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

பூட்டிய பெட்டியைத் திறந்து ஆறு தோட்டாவையும் போட எனக்கு இருட்டில் 20 விநாடிக்கும் குறைவாகவே ஆகிறது. முதல் நாள் ஒரு நிமிடம் தாண்டியது. மருந்தில்லாத போலித் தோட்டாக்களை வைத்துத் தினமும் பத்து முறை செய்தேன். உங்கள் தெருவில் கடப்பாரைச் சத்தம் கேட்டதற்கும் நீங்கள் குரல் கொடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது?

விரிஞ்சிபுரத்தான்

ஐந்து நிமிடமாவது இருக்கும். முதலில் தகரம் காற்றில் அடிக்கிறது என்றே நினைத்தோம்.

கம்மவான்பேட்டை சுபேதார்

அப்படியானால் பூட்டலாம். இன்னொன்றும் சொல்கிறேன் தம்பி. அந்த இரவில் உன் கையில் ரிவால்வர் இருந்திருந்தாலும் நீ செய்ய வேண்டியது டார்ச் அடித்துக் குரல் கொடுப்பதுதான். அவன் உடைத்தது ஆளில்லாத வீடு. பொருளுக்காக உயிரை எடுக்கத் தற்காப்பு உரிமை தாராளமாக இடம் கொடுக்காது. ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் கணக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர் வடிந்தபின் கோர்ட் இருக்கும். மாடிப்படியேறி உன் வீட்டுக்குள் ஆயுதத்தோடு வருகிறவனுக்குத்தான் அந்த ஆறு தோட்டா.

விரிஞ்சிபுரத்தான்

முடிவாக எழுதிவிடுகிறேன். .32 ரிவால்வர், எஃகு, பழைய மாதிரி. நிர்பீக் இலகு என்பதால் ஆசை இருந்தது. எடை இருந்தால் கை ஆடாது என்று வீராங்கனை தனிச்செய்தியில் விளக்கியதால் விட்டுவிட்டேன். தோட்டா ஐம்பது, இரண்டு டப்பாவில். வருடம் ஒருமுறை பழையதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துப் புதியது வாங்குவது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளத்துக்குத் தப்பும் இடம் மாடியறைப் பரண்தான். மேலே தகரக் கூரை. கத்திரி வெயிலில் கை வைக்க முடியாது. அங்கே தோட்டா வைக்கலாமா?

பேர்ணாம்பட்டு தோல்தொழில்

கோடையில் வேண்டாம். சூடு மருந்தை மெல்லக் கெடுக்கும். வெயில் காலத்தில் கீழே, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பூட்டிய பெட்டியில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் பெட்டியோடு மேலே ஏற்றிவிடுங்கள். ரப்பர் விளிம்பு வைத்த தகர டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பை. நீலமாக இருக்கும் மணி இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம். துப்பாக்கியைச் சுற்றப் பழைய பருத்தி வேட்டித் துணி போதும். கஞ்சி போடாததாக, நன்றாகத் துவைத்து வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும்.